இரண்டு முறை தட்டுகிறவர்

பைப்புக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை அவர் வாயால் கேட்டவர்கள் குறைவு. சொல்ல ஆரம்பித்தால் முதல் எழுத்திலேயே வண்டி நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் வாசிக்கும்போது இவர் "உள்ளேன் ஐயா" என்று முடிப்பதற்குள் அடுத்த நாலு பிள்ளைகள் உள்ளேன் சொல்லி உட்கார்ந்திருப்பார்கள். வந்த பிள்ளைக்கே வரவில்லை என்று குறி விழும். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். அதுகளைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, சின்னப் பிள்ளைகள். வயது வந்த பெரிய மனிதர்கள் சிரித்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

குழாய் வேலைக்கு அவர் போனதே அதற்குப் பேச்சு வேண்டாம் என்பதால்தான். சுவருக்குள் ஓடுகிற குழாயில் அடைப்பு எந்த இடத்தில் என்று கண்ணுக்குத் தெரியாது. ரெஞ்சால் இரண்டு தட்டுத் தட்டுவார், காதைச் சுவரில் வைத்துக் கேட்பார், ஒரு சாண் தள்ளி மறுபடியும் இரண்டு தட்டுவார். சத்தம் எங்கே மந்தமாக விழுகிறதோ அங்கே விரலை வைப்பார். உடைத்துப் பார்த்தால் அடைப்பு அங்கேதான் இருக்கும். அந்த வட்டாரத்தில் அவர் முழங்கால் படாத குளியலறை கிடையாது. எவ்வளவு என்று கேட்டால் விரலைக் காட்டுவார், நாளைக்கு வருவீர்களா என்றால் தலையை ஆட்டுவார். வாயில்லாப் பூச்சி என்று பெயர் வாங்கியிருந்தார்.

அப்படித்தான் ஒருநாள் மைக்செட் கடைக்காரர் வீட்டில் தொட்டிக் குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். மைக்செட் கடைக்காரருக்குக் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுவது தொழில், குரல் மாற்றிப் பேசுவது வியாதி. கண்டக்டர், காய்கறிக்காரம்மா, பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் என்று யாரையும் விட்டுவைக்க மாட்டார். கட்டின மைக்கைச் சோதிக்கிறேன் என்று ஆரம்பித்தால் கூட்டம் தொடங்குவதற்குள் ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். கடைக்காரர் வந்து, தொட்டிக்கு அடியில் வேலையாக இருந்தவரைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஏங்க, நீங்க பேசுறதைவிட இந்தக் குழாய் வேகமா ஒழுகுது போலிருக்கே" என்றார்.

பைப்புக்காரர் நிமிர்ந்தார். "குழாய் ஒழுகினா எனக்குக் கூலி வரும். வாய் ஒழுகினா உங்களுக்கு என்னங்க வருது?"

ஒரு எழுத்துகூடத் திக்கவில்லை. சொன்னவரே திகைத்துப்போனார். கதவுக்குப் பின்னாலிருந்து கடைக்காரரின் தங்கை களுக்கென்று சிரித்தாள். அந்தத் தங்கையைத்தான் பிறகு பைப்புக்காரர் கட்டிக்கொண்டார், மைக்செட் கடைக்காரர் மச்சான் ஆனார்.

மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் கேலிக்கு வரம்பு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கேலி பேசாத மச்சான் வீட்டுக்கு வந்தால்தான் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் வீடு இரண்டுபடும். கட்டின மனைவியிடம் திக்கினார், பெற்ற மகளிடம் திக்கினார், மச்சானிடம் மட்டும் அவர் நாக்கு தண்ணீராக ஓடியது. அது எப்படி என்று மனைவி ஒருநாள் கேட்டபோது, சிரிக்கக் காத்திருக்கிறவன் முன்னால் பயம் எதற்கு என்றார், அதையும் திக்கித் திக்கி. மாப்பிள்ளை திக்குவதை மச்சான் அச்சு அசலாகப் பேசிக் காட்டுவார். அதைக் கேட்டு முதலில் சிரிக்கிறவர் பைப்புக்காரர்தான். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "அந்த இடத்துல நான் இன்னும் கொஞ்சம் இழுப்பேன் மச்சான்" என்று திருத்தமும் சொல்வார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் கீழ்த்தெருவில் குடிதண்ணீர் நாறத் தொடங்கியது. பிள்ளைகள் வரிசையாக வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். பைப்புக்காரர் தானே தோண்டிப் பார்த்தார். சாக்கடைக் குழாயும் குடிதண்ணீர்க் குழாயும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து, இரண்டும் ஒரே இடத்தில் வெடித்திருந்தன. வார்டு கவுன்சிலர் மரக்கடை வைத்திருந்தவர். வந்து எட்டிப் பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பார்க்கலாம் ஒரு வருஷம் பார்த்தது.

தேர்தல் வந்தபோது, ஊரில் நோட்டீஸ் அடிக்கிற அச்சகக்காரர் ஒருவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பைப்புக்காரர் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் மரக்கடைக்காரருக்கும் பழைய பகை. ஆள் கெட்டிக்காரர், எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவர். எல்லா வீட்டுக்குள்ளும் போய் வருகிற ஆள் நீங்கள் ஒருவர்தான், நீங்களே நில்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்த மற்றதில் என்னென்ன அடங்கும் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பைப்புக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கடைசி நாள் கூட்டத்தில் தானே பேச வேண்டும். அச்சகக்காரர் சிரித்து மழுப்பினார். மச்சானும் முதலில் கேலியாகத்தான் எடுத்துக்கொண்டார், நீ பேசி முடிப்பதற்குள் ஓட்டு எண்ணி முடித்துவிடுவார்கள் என்றார்.

"சிரிக்காதீங்க மச்சான். ஜெயிக்கிறதும் தோக்கிறதும் அப்புறம். இத்தனை வருஷமா எல்லார் வீட்டுக்குள்ளயும் ஊமையா போயிட்டு வந்திருக்கேன். ஒரே ஒரு தடவை எல்லாரும் கேக்க, என் வாயால, முழுசா பேசணும். என் பொண்ணு கேக்கணும்."

மச்சான் சிரிப்பை நிறுத்தினார். அன்றைக்கே மைக்செட் கடையின் பின்னறையில் பாடம் தொடங்கியது. கூரை வரை அடுக்கிய ஒலிபெருக்கிப் பெட்டிகள், சுருட்டிப் போட்ட ஒயர், நடுவில் ஒரு முக்காலி. மச்சானிடம் சும்மா பேசும்போது ஓடுகிற நாக்கு, மைக்கைப் போட்டதும் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மச்சான் விடவில்லை. "குழாயில அடைப்பு இருந்தா நீ என்ன பண்ணுவே? தட்டுவேல்ல? வாயிலயும் அதையே பண்ணு மாப்பிள்ளே" என்றார்.

பண்ணிப் பார்த்தார். சிக்குகிற வார்த்தை வருவதற்கு முன் ரெஞ்சால் முக்காலியில் இரண்டு தட்டு. டக், டக். வார்த்தை வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்ளாத குறை. அதற்குப் பிறகு வேலை முடித்துவிட்டு வருகிற மாலையெல்லாம் அந்த அறையில்தான் கழிந்தது. களைத்துப்போனால் கூத்தும் நடக்கும். மச்சான் நிருபராக மாறி, வேட்பாளரே, தண்ணீர் எப்போது வரும் என்று மைக்கை நீட்டுவார். பைப்புக்காரர் வேண்டுமென்றே இரண்டு தட்டுத் தட்டி, த, த, த என்று முழ நீளத்துக்கு இழுப்பார். பிறகு நிருபர் குரலையும் தானே எடுத்துக்கொண்டு, "சரிண்ணே, அவசரமில்லை, அடுத்த எலெக்‌ஷன்ல வந்து மீதியைக் கேட்டுக்குறேன்" என்பார். அது அவரே கட்டின வேடிக்கை. மச்சான் பெட்டிமேல் சாய்ந்து சிரித்தார்.

தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு வீட்டு மாடியில் கைகழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். மரக்கடைக்காரரின் ஆட்டோ ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருவுக்குள் வந்தது. ஒரு குரல் கேட்டது, வேட்பாளரே, தண்ணீர் எப்போது வரும். டக், டக். பிறகு த, த, த. பிறகு, சரிண்ணே, அவசரமில்லை.

தெரு சிரித்தது. எதிர்வீட்டு பால்கனி சிரித்தது. குழாய் சரிசெய்யக் கூப்பிட்டிருந்த வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பைப்புக்காரருக்கே ஒரு கணம் சிரிப்பு எட்டிப் பார்த்தது, அவ்வளவு சுத்தமாக இருந்தது குரல். அப்புறம்தான் அந்த இரண்டு தட்டை யோசித்தார். அவர் வீடு வீடாகக் குழாயைத் தட்டுவது ஊருக்கே தெரியும். வார்த்தைக்காகத் தட்டுவது அந்தப் பின்னறைக்கு மட்டும்தான் தெரியும். ரெஞ்சு கையில் இருந்தபடி அப்படியே கிடந்தார்.

கடைக்குப் போனார். மச்சான் ஒரு ஒலிபெருக்கியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான், அந்தக் குரல் உங்களோடதா?"

"நானா? ஏன் மாப்பிள்ளே, எனக்கு வேற வேலை இல்லையா? ஊர்ல குரல் மாத்துறவன் நான் ஒருத்தன்தானா? மரக்கடைக்காரன் எவனையாவது புடிச்சிருப்பான்."

தட்டுவது எப்படி வெளியே போனது என்று கேட்டார். பின்தெருப் பக்கம் ஜன்னல் இருக்கிறதே, சத்தம் போகாதா என்றார் மச்சான். சொல்லும்போது கையிலிருந்த திருப்புளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் மனைவியும் அதையே சொன்னாள். எங்கள் அண்ணனைப் போய்ச் சந்தேகப்படலாமா, உங்களுக்காக ராத்திரி பகல் பாராமல் உழைக்கிற மனிதரை என்று கண் கலங்கினாள். பைப்புக்காரர் நம்பினார். நம்பாவிட்டால் இந்த உலகத்தில் அவர் வாய்விட்டுப் பேச ஒரு நாதி இல்லையே, நம்பாமல் என்ன செய்வார்.

ஆட்டோ தினமும் வந்தது. தெருப்பிள்ளைகள் அவர் சைக்கிளுக்குப் பின்னால் தகர டப்பாவை இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டு ஓடினார்கள். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை மூலையில் எறிந்தாள். அவள் எழுந்து நின்றாலே பின்வரிசையில் பெஞ்சைத் தட்டுகிறார்களாம். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. "உங்களை யாருப்பா நிக்கச் சொன்னா?" என்றாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி நாள் கூட்டத்துக்கு வா, வந்து கேள், அதற்கப்புறம் யாரும் தட்ட மாட்டார்கள் என்று சொன்னார். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. அவள் முழுதும் கேட்டாள்.

ஆனால் காற்று மெல்லத் திரும்பியது. சிரித்துச் சிரித்து அலுத்தபின் ஜனங்களுக்குக் கொஞ்சம் கூச்சம் வந்துவிட்டது. தெருக்குழாயில் குடத்தோடு நின்ற பெண்கள்தான் முதலில் பேசினார்கள். குறை ஆண்டவன் கொடுத்தது, கொழுப்பு இவன் வளர்த்தது, ஒரு மனுஷனின் வாயைப் போய்க் கேலி செய்கிறானே, இவன் உருப்படுவானா என்றார்கள். மரக்கடைக்காரருக்கு அது காதில் விழவில்லை. கூட இருந்த ஜால்ராக்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரித்தார்கள், அவரும் ஆட்டோவை இன்னொரு சுற்றுப் போகச் சொன்னார். அச்சகக்காரர் முகத்தில் கல்யாணக்களை. நீங்கள் வாயே திறக்க வேண்டாம், கும்பிட்டுக்கொண்டே போங்கள் என்றார். பாவம் என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதற்குப் போட்டியே கிடையாது என்றும் சொன்னார்.

கடைசி நாள் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட்டார்கள். மைக்செட் மச்சானுடையது. கூட்டம் சுவர் வரை நின்றது. மனைவியும் மகளும் பெண்கள் பக்கம் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். மேடை ஏறும் முன் அச்சகக்காரர் கையைப் பிடித்தார்.

"சொன்னா கேளுங்க. கும்பிட்டுட்டு எறங்கிடுங்க. நீங்க நல்லா பேசித் தொலைச்சிட்டா கெட்டுது காரியம்."

அந்த வார்த்தை பைப்புக்காரர் மனதில் உறைத்தது. நன்றாகப் பேசினால் கெட்டுவிடுகிற காரியம் என்ன காரியம்? யோசிக்க நேரமில்லை. கையை உருவிக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றார். சட்டைப் பையிலிருந்து சின்ன ரெஞ்சை எடுத்தார். மைக் கம்பத்தில் இரண்டு தட்டு.

மைதானம் பேச்சை நிறுத்தியது. யாரோ ஒரு கிழவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பைப்புக்காரர் மகளைப் பார்த்தபடி வாயைத் திறந்தார். "நம்ம கீழ்த்தெருக் குழாய் எங்கே உடைஞ்சிருக்குன்னு" என்று வந்தது. சுத்தமாக வந்தது. அது முதல் வரிசைக்கு மட்டும்தான் கேட்டது, ஏனென்றால் இரண்டாவது எழுத்திலேயே ஒலிபெருக்கி செத்துப்போனது. அவர் விடாமல் பேசினார். உதடு அசைவது தெரிந்தது, சத்தம் போகவில்லை. பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டத் தொடங்கினார்கள். அவர் குரலை உயர்த்தப் பார்த்தார், உயர்த்தினதும் நாக்கு சிக்கியது. மேடை ஓரத்தில் திரும்பினார். மச்சான் ஆம்ப்ளிஃபையர் முன்னால் குந்தியிருந்தார். கை, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகின்மேல் இருந்தது. தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

அச்சகக்காரர் இன்னொரு மைக்கைப் பிடித்தார். அது கணீரென்று வேலை செய்தது. "அவரால பேச முடியலைங்க. பரவாயில்லை. அவருக்காக உங்க ஓட்டு பேசும்" என்றார். கைதட்டலில் மைதானம் அதிர்ந்தது. பெண்கள் அழுதார்கள். கூட்டத்துக்கு நடுவில் மகள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குனிந்திருந்தாள். பைப்புக்காரர் கண்ணுக்கு அது ஒன்றுதான் தெரிந்தது.

ஜனம் கலைந்தபின் மேடைக்குப் பின்னால் மச்சான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பைப்புக்காரர் போய் எதிரில் நின்றார்.

"மைக்கை நீங்கதானே நிறுத்தினீங்க, மச்சான்?"

"கோபப்படாம கேளு மாப்பிள்ளே. நீ நல்லா பேசியிருந்தா, இவனுக்கு ஒரு குறையும் இல்லையே, இவ்வளவு நாள் பாவம் பார்த்தது வீணான்னு எழுந்து போயிருப்பாங்க."

"ஆட்டோவில பேசினது?"

மச்சான் ஒயரை இன்னும் நாலு சுற்றுச் சுற்றினார். "அச்சகக்காரர் யோசனை. மரக்கடைக்காரன் கேலின்னா வாயைப் பொளந்துக்கிட்டு வாங்குவான், ஜனம் அவனைத்தான் காறித் துப்பும்னார். நான்தான் பேசிக் கொண்டுபோய்க் குடுத்தேன். அவன் தலையில அவனே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டான். எல்லாம் உன் நல்லதுக்குத்தான். தங்கச்சியையும் கேட்டுட்டுத்தான் செஞ்சேன்."

கூட இருந்து குழி பறிப்பது என்பார்களே, பறித்த குழியில் பூவையும் போட்டு வைத்திருந்தார்கள். பைப்புக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மனைவி வாசலிலேயே அழுதாள். உங்களுக்காகத்தான் தலையாட்டினேன், தோற்றுப்போய் நீங்கள் உடைந்து உட்கார்வதைப் பார்க்க என்னால் ஆகாது என்றாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று சொல்ல நினைத்தார், அந்த வார்த்தையும் சிக்கியது. மகளிடம் போய், நான் பேசினேன், உன் மாமா நிறுத்திவிட்டார் என்று சொல்லவும் வாய் வரவில்லை. தாய்மாமன் என்றால் அவளுக்கு உயிர். மகள்தான் அவர் தோளைத் தட்டி, "பரவாயில்லைப்பா, முயற்சி பண்ணீங்கல்ல" என்றாள்.

பைப்புக்காரர் அமோகமாக ஜெயித்தார். மாலை போட்டார்கள், தோளில் தூக்கினார்கள். கீழ்த்தெருவில் பழைய குழாயைப் பிடுங்கிப் புதுக் குழாய் போட்டார்கள். பள்ளத்துக்குள் கவுன்சிலரே இறங்கி இணைப்பு முடுக்கினார். தண்ணீர் சுத்தமாக வந்தது, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் மன்றக் கூட்டத்தில் அவர் எழுந்தால் அத்தனை பேரும் முகத்தை இளக்கிக்கொண்டு, பாவம், சிரமப்படாதீர்கள், எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். எதிர்க்கட்சிக்காரன்கூட அவரிடம் சண்டை போடவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். கேலி செய்தபோதுகூட அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து கேட்டவர்கள் உண்டு. இரக்கப்பட்டவர்கள் அதற்கும் விடவில்லை.

மச்சான் சில நாள் தலைகாட்டவில்லை. மாப்பிள்ளையின் கோபம் தானாக ஆறும் என்று நினைத்திருப்பார். ஆறாமல் எங்கே போகும், இரண்டு பேரும் அடித்துக்கொள்வதும் கூடிக்கொள்வதும் புதிதா என்ன. ஒரு விடுமுறை நாள் காலையில் வாசலில் வந்து நின்றார், பழைய சிரிப்போடு. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மகள் புத்தகத்தை மூடிவிட்டு, வேடிக்கைக்குத் தயாராக உட்கார்ந்தாள்.

"என்ன கவுன்சிலரே, உள்ள வரணும்னா மனு எழுதிக் குடுக்கணுமா?"

பைப்புக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை நாளும் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். நாலே நாலு வார்த்தை. மச்சான், என் வீட்டுக்குள்ளே வராதீங்க. வாயைத் திறந்தார்.

"ம" என்றார். பிறகு, "ம, ம" என்றார்.

பிறந்ததிலிருந்து எத்தனையோ வார்த்தை சிக்கியிருக்கிறது. அந்த வார்த்தை ஒருநாளும் சிக்கினதில்லை. மச்சான் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அடேயப்பா, என்னைவிட நல்லா பண்றியே மாப்பிள்ளே" என்றார். மகளும் சிரித்தாள். பைப்புக்காரர் சிரிக்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, உதடு ஒட்டிப் பிரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மகள் சிரிப்பை நிறுத்தி அப்பாவையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுப்படியில் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

இது வேடிக்கை இல்லை என்று மச்சானுக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் வெளிறிப்போனது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கையைத் தூக்கி, கதவு நிலையில் விரல் மடக்கி இரண்டு தட்டுத் தட்டினார்.

பைப்புக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வார்த்தை வரவில்லை. மச்சான் மறுபடியும் இரண்டு முறை தட்டினார், கொஞ்சம் மெதுவாக. வெகுநேரம் நின்றார். பிறகு குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.